கௌரி மரம் தரும் பாடம்

நேயர்களே, மரம் சீவும்போது கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைத் தோட்டத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழம் தவறினால் மரத்துக்குக் காயம். காயம் ஆறாவிட்டால் நாளைக்குப் பால் இல்லை. இந்த அளவு தெரியாமல் ஒரு பெருமரத்தை மனிதர் பாழாக்கிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

நியூசிலாந்தின் வடபகுதியில், இருபுறமும் கடல் சூழ்ந்த நீண்ட நிலத்தில் வளர்வது கௌரி மரம். அம்மன் பெயர்போல் ஒலித்தாலும் அது அந்நாட்டு மாவோரி மக்களின் சொல். பூக்காமல் கூம்பு காய்க்கும் இனத்தைச் சேர்ந்தது. நம் மலேசியக் காடுகளில் உள்ள 'டாமார் மின்யாக்' இதற்கு நெருங்கிய உறவு. வைப்போவா காட்டில் நிற்கும் 'தானே மஹூத்தா' என்னும் கௌரியின் அடிமரச் சுற்றளவு 13 மீட்டருக்கும் அதிகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களின் பாய்மரத்துக்காக இதை வெட்டினார்கள். பிறகு வீடு கட்டப் பலகையாக அறுத்தார்கள். அடுத்து அதன் பிசினுக்கு மவுசு வந்தது. வார்னிஷ் செய்யவும் தரைவிரிப்பு செய்யவும் அது தேவைப்பட்டது. பழங்காலத்தில் மண்ணில் புதைந்த பிசினை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள். தோண்டியவர்களில் மாவோரி மக்களும் உண்டு; 1880-களிலிருந்து, ஐரோப்பாவின் டால்மேஷியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. இந்த அந்நியர்களைக் கட்டுப்படுத்த 1898-இல் சட்டமே வந்தது. கடல் கடந்து வந்து உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அவர்கள் பட்ட பாடு புரியும்.

மண்ணில் கிடைத்தது போதாமல், சிலர் உயிருள்ள மரத்தில் ஏறி, பட்டையைக் கண்டபடி கொத்திவிட்டு, சில மாதம் கழித்து வந்து உறைந்த பிசினை எடுத்துப் போனார்கள். வெட்டுவாயில் அழுகல் புகுந்தது, மரங்கள் நலிந்தன. 1905-இல் அரசாங்கக் காடுகளில் இதற்குத் தடை விதித்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1890-களில், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக்கொண்டிருந்தார். அந்த முறையால்தான் ரப்பர் மரம் நெடுநாள் பால் தந்தது. கௌரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒரு காலத்தில் சுமார் 12 லட்சம் ஹெக்டரில் பரவியிருந்த கௌரிக் காட்டில், முதிர்ந்த காடாக இன்று எஞ்சியிருப்பது சில ஆயிரம் ஹெக்டர் மட்டுமே. பொதுமக்கள் மனுக்கொடுத்துப் போராடியதால், 1952-இல் வைப்போவா காட்டின் பெரும்பகுதி காப்பகம் ஆயிற்று.

அழித்ததைத் திரும்ப வளர்ப்பது எளிதா? கௌரி விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். கூம்பு உதிர்ந்ததும் விதைத்துவிட வேண்டும். இளங்கன்றுக்குச் சிறுமரங்களின் நிழல் வேண்டும்; வளர்ந்தபின் வெயில் வேண்டும். உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால், அடியில் கொத்தக்கூடாது, மிதிக்கக்கூடாது; உதிர்ந்த சருகை அங்கேயே விட்டுவிட வேண்டும். கீழ்க்கிளைகளைக் கழிக்கும் வேலை நமக்கில்லை. மரமே அவற்றை உதிர்த்துக்கொள்ளும். பெருமரமாவதைக் காண ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

இப்போது இன்னொரு ஆபத்து. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று கௌரியின் வேரை அழுகச் செய்கிறது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. செருப்பில் ஒட்டிய சிறிதளவு மண்ணே நோயைப் பரப்பப் போதும். அதனால் காட்டுக்குள் போகிறவர்கள் காலணியைத் தேய்த்துக் கழுவிய பிறகே நுழைய வேண்டும். 2017-இல் வைத்தாக்கரே மலைக்காட்டுக்குள் யாரும் போகக்கூடாதென்று அப்பகுதி மாவோரி மக்களே தங்கள் மரபுப்படி தடை விதித்தார்கள்.

நேயர்களே, மரத்திடமிருந்து எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு நம் பெற்றோர் கையில் இருந்தது. பாலைச் சேர்த்த அந்தக் கைகளே மரத்தையும் காத்தன. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.