அமெரிக்காவில் உள்ளூர் எச்டி தொலைக்காட்சி: ஆன்டெனாவும் டிஷ்ஷும்

ஐக்கிய அமெரிக்காவில் உள்ளூர் சேனல் எனப்படுவது ஒரு நகரத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஒளிபரப்ப உரிமம் பெற்ற தொலைக்காட்சி நிலையம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நான்கு பெரிய வலையமைப்புகளும் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸும் இத்தகைய நிலையங்கள் வழியாகவே வீடுகளைச் சென்றடைகின்றன. நிலையங்களில் சில மட்டுமே வலையமைப்புகளுக்குச் சொந்தம். மற்றவை தனி நிறுவனங்களுடையவை. அவை வலையமைப்பின் நிகழ்ச்சிகளோடு தம் ஊர்ச் செய்தி, வானிலை, விளம்பரங்களைச் சேர்த்து ஒளிபரப்புகின்றன.

தமிழ்நாட்டில் டிடிஎச் இணைப்பு வைத்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு புதிராகத் தோன்றலாம். சென்னையில் டிஷ்ஷில் வரும் சன் டிவியும் டெல்லியில் வரும் சன் டிவியும் ஒன்றே. அமெரிக்காவில் அப்படியில்லை, டிஷ் வைத்தவருக்கு எந்த ஊரின் என்பிசி வரும் என்பதை அவருடைய வீட்டு முகவரி முடிவுசெய்கிறது. ஆன்டெனா வைத்தவருக்கோ தடையெல்லாம் மலையும் தூரமும்தான். ஒரே படத்தைத் தரும் இவ்விரு வழிகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான்.

காற்றில் வரும் படம்

வட கரோலினாவின் ராலி நகரில் டபிள்யூஆர்ஏஎல் நிறுவனத்தின் சோதனை நிலையம் 1996 ஜூலையில் நாட்டின் முதல் எச்டி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் ஏடிஎஸ்சி என்ற டிஜிட்டல் தரத்தை ஏற்றது. முன்பு ஒரேயொரு சாதாரணப் படத்தை ஏந்திவந்த 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இத்தரம் நொடிக்கு 19.39 மெகாபிட் தரவை அனுப்புகிறது. ஓர் எச்டி படம் போக, இரண்டு மூன்று துணைச் சேனல்களுக்கும் அதில் இடமுண்டு. சிபிஎஸ், என்பிசி இரண்டும் 1080ஐ வடிவத்தையும், ஏபிசி, ஃபாக்ஸ் இரண்டும் 720பி வடிவத்தையும் தேர்ந்தன.

முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு 2009 பிப்ரவரி 17 அன்று நிற்பதாக இருந்து, பிறகு தள்ளிப்போய், ஜூன் 12 அன்று நின்றது. பழைய பெட்டி வைத்திருந்தோர் மாற்றுக் கருவி வாங்குவதற்காக வீட்டுக்கு இரண்டு வரை, தலா 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை அரசு வழங்கியது. 2007 மார்ச் முதல் புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் டிஜிட்டல் டியூனர் கட்டாயமானது. அப்படிப்பட்ட பெட்டியும் ஓர் ஆன்டெனாவும் இருந்தால் போதும். மாதக் கட்டணம் கிடையாது.

கடைகளில் "எச்டி ஆன்டெனா" என்று அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் இன்றும் விற்கின்றன. அந்தச் சொல்லுக்கு விளம்பரத்துக்கு மேல் பொருளில்லை. ஆன்டெனாவுக்கு அதிர்வெண் ஒன்றுதான் கணக்கு. அதில் வருவது அனலாக்கா, டிஜிட்டலா, எச்டியா என்பது அதற்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளாகக் கூரையில் கிடக்கும் யாகி ஆன்டெனா கெடாமல் இருந்தால் எச்டி படத்தையும் பிடிக்கும். கவனிக்க வேண்டியது அளவை. உயர்ந்த அதிர்வெண் பட்டையான யூஎச்எஃப் அலைக்குக் கால் மீட்டரை ஒட்டிய கம்பி போதும்; அதற்குக் கீழுள்ள விஎச்எஃப் பட்டையில், 2 முதல் 6 வரையிலான தாழ்ந்த சேனல்களுக்கு இரண்டு மீட்டரை ஒட்டியோ தாண்டியோ நீளம் தேவைப்படுகிறது. ஜன்னலில் ஒட்டும் மெல்லிய தகடுகள் யூஎச்எஃப் நிலையங்களை எளிதாகப் பிடித்துவிட்டு விஎச்எஃப்பில் திணறுவதற்குக் காரணம் இதுவே. 2009 மாற்றத்துக்குப் பின் ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூபிவிஐ 6ஆம் சேனலிலேயே தங்கியது. முந்தைய நாள் வரை தெளிவாகப் பார்த்தவர்கள் படம் வரவில்லை என்று முறையிட, அது ஒளிபரப்புத் திறனைக் கூட்ட வேண்டியதாயிற்று. சிகாகோவில் 7ஆம் சேனலில் இருந்த டபிள்யூஎல்எஸ் இதே சிக்கலால் யூஎச்எஃப்புக்கு மாறியது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. திரையில் தெரியும் எண் பெரும்பாலும் உண்மையான எண் அன்று. மக்களுக்குப் பழகிப்போன பழைய எண்ணை நிலையம் தன் சமிக்ஞையோடு அனுப்புகிறது. பெட்டி அதையே காட்டுகிறது. திரையில் 7.1 என்று தெரியும் நிலையம் உண்மையில் யூஎச்எஃப் அதிர்வெண்ணில் இருக்கலாம். ஆன்டெனா வாங்குவதற்கு முன் உண்மைச் சேனலைப் பார்க்க வேண்டும். அது மாறக்கூடும் என்பதால் திரும்பத் திரும்பப் பார்க்கவும் வேண்டும். 2017இல் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான சேனல்களின் இடம் கைபேசி நிறுவனங்கள் முதலியோருக்கு 19.8 பில்லியன் டாலருக்குப் போனது. ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் 2020 ஜூலைக்குள் புதிய அதிர்வெண்களுக்குக் குடிபெயர்ந்தன. அந்த ஆண்டுகளில் திடீரென்று ஒரு சேனல் மறைந்துபோனால், ஆன்டெனாவைப் பிரிப்பதற்கு முன் பெட்டியில் சேனல்களை மறுபடி தேடவிடுவதே சரியான வைத்தியம்.

யூஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. ஒளிபரப்புக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் நல்லது. சுமார் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் பூமியின் வளைவே குறுக்கே நிற்கும். லாஸ் ஏஞ்சலிஸின் நிலையங்கள் வில்சன் மலை உச்சியிலும், சான் பிரான்சிஸ்கோவின் பல நிலையங்கள் சூட்ரோ கோபுரத்திலும் கூடியிருப்பதால் அங்கே ஆன்டெனாவை ஒரே திசையில் திருப்பி வைத்தால் போதும். ஆனால் சான் பிரான்சிஸ்கோவின் குன்றுகளில் பட்டுத் தெறித்து, ஒரே அலை பல வழிகளில் முன்பின்னாக வந்து சேர்ந்து டியூனரைக் குழப்புவதுண்டு. அனலாக் காலத்தில் சமிக்ஞை குறைந்தால் படத்தில் புள்ளி மழை பெய்யும், ஆள் தெரிவார். டிஜிட்டலில் அந்த இடைநிலை இல்லை. படம் கட்டம் கட்டமாக உறையும், அடுத்த நொடி திரை வெறுமை.

இதற்கு மருந்தாகப் பலரும் வாங்குவது ஆம்ப்ளிஃபயர். ஆன்டெனாவுக்கு அருகே கம்பத்தில் பொருத்தினால், நீண்ட கேபிளில் ஏற்படும் இழப்பை அது ஈடுகட்டும். ஆன்டெனாவுக்கே வந்து சேராத சமிக்ஞையை அது உண்டாக்காது. கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டில் பொருத்தினால், மிகுதியான சமிக்ஞையால் டியூனர் திக்குமுக்காடி, இருந்த படமும் போய்விடும்.

கோபுரம் ஒன்றை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தை 2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதல் காட்டியது. நியூயார்க்கின் பெரும்பாலான நிலையங்கள் உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பிவந்தன. இடிந்த கட்டடத்தோடு ஒளிபரப்புக் கருவிகளும் அழிந்தன; அங்கே பணியிலிருந்த ஆறு பொறியாளர்களும் உயிரிழந்தனர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மாற்று ஏற்பாடு வைத்திருந்த டபிள்யூசிபிஎஸ் தொடர்ந்தது. கேபிள் இல்லாத வீடுகளில் மற்ற பெரிய சேனல்கள் பலவும் மறைந்தன.

ஆன்டெனா வைக்கும் உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. கூரையில் கம்பி தெரியக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடுத்துவந்த நிலையில், தொலைக்காட்சி ஆன்டெனாவையும் ஒரு மீட்டர் வரை விட்டமுள்ள டிஷ்ஷையும் அவை தடுக்க முடியாதென ஆணையம் 1996இல் விதி செய்தது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் தம் பயன்பாட்டிலுள்ள பால்கனியில் இந்த உரிமை உண்டு. பொதுக் கூரைக்கு இந்த உரிமை நீளாது.

விண்ணில் போட்ட எல்லைக்கோடு

செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனங்களான டைரெக்டிவி 1994இலும் டிஷ் நெட்வொர்க் 1996இலும் சேவை தொடங்கியபோது அவற்றில் உள்ளூர் சேனல்கள் இல்லை. கூரை ஆன்டெனாவால் பெற முடியாத வீடுகளுக்கு மட்டும் வேற்றூர் நிலையங்களைத் தரலாம் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. தகுதியற்ற வீடுகளுக்கும் அவை போய்க்கொண்டிருக்க, நிலையங்கள் வழக்குத் தொடுத்தன. 1998இல் மயாமி நீதிமன்றம் அதைத் தடுத்தது. படத்தை இழக்கவிருந்த சந்தாதாரர்களின் கோபம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களின் மேசைக்கு வந்தது. 1999 நவம்பரில் புதிய சட்டம் பிறந்தது: ஓர் ஊரின் நிலையங்களை அந்த ஊருக்கே டிஷ் வழியாகத் திருப்பித் தரலாம். 2002 ஜனவரி முதல் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. ஒரு சந்தையில் ஒரு நிலையத்தை இச்சட்டத்தின்படி எடுத்தால், கேட்கும் மற்ற நிலையங்களையும் எடுத்தாக வேண்டும்.

சந்தை என்றால் நீல்சன் நிறுவனம் பார்வையாளர் கணக்குக்காக வகுத்த வட்டாரம். நாடு முழுவதும் இவை 210. எழுபது லட்சம் வீடுகளைக் கொண்ட நியூயார்க்கும் ஒரு சந்தை. நாலாயிரம் வீடுகளையொட்டிய மொன்டானாவின் கிளென்டைவும் ஒரு சந்தை. விளம்பர விற்பனைக்கென்று போட்ட கோடு, யார் எந்தச் செய்தியைப் பார்க்கலாம் என்பதற்கான சட்ட எல்லையாயிற்று. மாநில எல்லையோரக் கவுன்ட்டிகள் சிலவற்றில் தம் மாநிலத் தலைநகரின் செய்தி வராமல் அண்டை மாநிலத்தின் செய்தி வருவது இதன் விளைவு.

எச்டி வந்ததும் இடப் பற்றாக்குறை எழுந்தது. நூற்றுக்கணக்கான ஊர்களின் எச்டி படங்களை நாடு முழுவதும் பொழிய எந்தச் செயற்கைக்கோளிலும் இடமில்லை. விடை குறுங்கற்றை: சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பின்மேல் மட்டும் விழும் அலை. அதே அதிர்வெண்ணைத் தொலைவிலுள்ள வேறோர் ஊருக்கு வேறு படத்தோடு மறுபடி பயன்படுத்தலாம். இணையச் சேவைக்கென வடிவமைத்த ஸ்பேஸ்வே 1, 2 செயற்கைக்கோள்கள் இரண்டையும் டைரெக்டிவி 2005இல் இப்பணிக்கு ஏவியது. கூடவே, எம்பெக்-2ஐவிடக் குறைந்த தரவில் படத்தை அடக்கும் எம்பெக்-4 என்ற படச்சுருக்க முறைக்கு மாறியது. டிஷ் நெட்வொர்க்குக்காக எக்கோஸ்டார் 10, 2006இல் ஏறியது. வேற்றூர் ஆட்டங்களைப் பார்ப்பதற்காகப் பொய் முகவரி கொடுத்துவந்த விளையாட்டு ரசிகர்களின் உபாயத்தையும் குறுங்கற்றை பெரும்பாலும் முறியடித்தது. தரையில் விழாத அலையை எந்த முகவரியும் கொண்டுவராது.

தகுதியற்ற வீடுகளுக்கு வேற்றூர் நிலையங்களைத் தந்ததற்காக டிஷ் நெட்வொர்க் 2006 டிசம்பரில் அந்த உரிமையையே நீதிமன்றத்தில் இழந்தது. 210 சந்தைகளுக்கும் உள்ளூர் சேனல் தந்தால் அதைத் திரும்பப் பெறலாம் என 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. லாபக் கணக்குக்கு உதவாத கிளென்டைவுக்கும் டிஷ்ஷில் உள்ளூர் சேனல் கிடைத்தது அப்படித்தான்.

டிஷ்ஷுக்குத் தெற்கு வானம் மறைவின்றித் தெரிய வேண்டும். ஒரு மேப்பிள் மரம் வளர்ந்தாலே படம் போகும். கனமழை டிஷ் சேவைகளின் கேயூ என்ற அதிர்வெண் பட்டையிலுள்ள அலையைத் தடுக்கும், டைரெக்டிவி பயன்படுத்தும் கேஏ அலையை இன்னும் அதிகமாகத் தடுக்கும். நிலையத்தின் படத்தை மறுபடி சுருக்கி அனுப்புவதால், அதே ஆட்டம் ஆன்டெனாவில் சற்றுக் கூர்மையாகத் தெரிவதும் உண்டு. துணைச் சேனல்கள் பலவும் டிஷ்ஷில் வருவதில்லை.

மழையைவிட நீண்ட தடையைத் தருவது ஒப்பந்தத் தகராறு. நிலையங்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மறு ஒளிபரப்புக்குக் கட்டணம் கேட்கலாம். பேரம் முறிந்தால் சேனல் மறையும். 2024 செப்டம்பர் 1 அன்று டிஸ்னியின் சேனல்களோடு அதற்குச் சொந்தமான ஏபிசி நிலையங்களும் டைரெக்டிவியில் நின்று, 14 அன்றுதான் திரும்பின. அந்நாட்களில் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் அதே ஏபிசி காற்றில் இலவசமாக வந்துகொண்டிருந்தது.

இதனால் ஆன்டெனாவையும் டிஷ்ஷையும் இணைத்து வைப்பது பழைய வழக்கம். டிஷ் நெட்வொர்க்கின் விஐபி 622, டைரெக்டிவியின் எச்ஆர்10-250 போன்ற பெட்டிகளில் ஆன்டெனாவுக்கும் தனித் துளை இருந்தது. இரண்டு வழிச் சேனல்களும் ஒரே நிகழ்ச்சிப் பட்டியலில் வந்தன, பதிவுசெய்யவும் முடிந்தது. பின்னாளில் டைரெக்டிவி பெட்டிகளில் இந்த டியூனர் நீங்கி, தனியாக வாங்கும் துணைக்கருவியாயிற்று.

2019 டிசம்பரில் காங்கிரஸ் வேற்றூர் நிலைய உரிமையைக் காலவரம்பின்றி ஆக்கி, அதன் எல்லையைச் சுருக்கியது. ஆன்டெனாவுக்கு எட்டாத வீடு என்ற பழைய தகுதி ஒழிந்தது. 210 சந்தைகளுக்கும் சேவை தரும் நிறுவனம், நான்கு வலையமைப்புகளில் ஏதேனும் இல்லாத சந்தைகளுக்கும், நெடுஞ்சாலை லாரிகளுக்கும், வீட்டு வண்டிகளில் ஊர் ஊராகச் செல்வோருக்கும் மட்டும் வேற்றூர் நிலையங்களைத் தரலாம்.