ஜனவரி 25, ஜனவரி 26: அடையாற்றோரத்தில் இரண்டு சபைகள்

அனகாபுத்தூரும் பொழிச்சலூரும் அடையாற்றை ஒட்டிய அண்டை ஊர்கள். 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது இரண்டிலும் வெள்ளம் புகுந்தது. இரண்டு ஊராருக்கும் கடைத்தெரு பல்லாவரம், ரயிலும் பல்லாவரம். வாடகை வீடு மாறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவருக்கு அன்றாட வாழ்க்கையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் தம் ஊரின் வரவு செலவில் அவருக்குள்ள உரிமை அடியோடு மாறிவிடுகிறது. அனகாபுத்தூர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்து, இன்று பம்மல் மண்டலத்துக்குள் இருக்கிறது. பொழிச்சலூர் புனித தோமையார்மலை ஒன்றியத்தின் 15 ஊராட்சிகளில் ஒன்று. ஆகவே ஒருவர் பேச வேண்டிய இடம் பகுதி சபை. மற்றவர் பேச வேண்டிய இடம் கிராம சபை.

இரண்டும் அரசு அறிவித்த நாள்களில் கூடுகின்றன. பகுதி சபைக்கு ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் தினத்தன்று நகரவாசிகள் கூடுகிறார்கள். மறுநாள் குடியரசு தினத்தன்று ஊராட்சியார் கூடுகிறார்கள். இந்த இரண்டு நாள்களும் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு முந்திய கடைசிப் பருவத்தில் விழுகின்றன என்பதை இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

பிறப்பில் இரண்டுக்கும் வெகுதூரம். கிராம சபை அரசியலமைப்பின் 73வது திருத்தத்தால் நிலைபெற்றது. பிரிவு 243அ அதற்கு இடம் தருகிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்குப் பணிகளை வகுத்தது. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்து ஏற்பது ஆகியவை அப்பணிகளில் முக்கியமானவை. பகுதி சபையோ அரசியலமைப்பில் இல்லாதது. 74வது திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு வார்டு குழுக்களை மட்டுமே சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பின்னர் ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் மத்திய நிதி பெற வேண்டுமானால் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. தமிழ்நாடு 2010இல் சட்டத்தைத் திருத்தியது. அதைச் செயல்படுத்தும் விதிகள் 2022 ஜூனில்தான் வெளிவந்தன. பணத்துக்கான நிபந்தனையாகப் பிறந்த சபைக்குப் பணத்தின் மீது அதிகாரம் இல்லாமல் போனது வியப்புக்குரியது. தெருவிளக்கு எங்கே வேண்டும், வடிகால் எங்கே அடைக்கிறது, எந்தப் பணி முதலில் நடக்க வேண்டும் என்று அது பரிந்துரைக்கலாம். மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கையை ஏற்கவோ மறுக்கவோ அதற்கு இடமில்லை. அது மாமன்றத்தின் வேலை.

இதுவரை பார்த்தால் தராசு கிராம சபையின் பக்கம் சாய்கிறது. அளவை எடுத்துப் பார்க்கும்போது அது அசைகிறது. நகரம் என்றால் பெருங்கூட்டம், கிராமம் என்றால் சிறுகூட்டம் என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். இங்கே நடப்பது தலைகீழ். பொழிச்சலூர் முழுவதற்கும் ஒரே கிராம சபை. பத்தாயிரம் பேரைத் தாண்டிய ஊராட்சியில் குறைவெண் வரம்பு 300. அத்தனை பேர் அமரும் இடத்தில் பின்வரிசையில் இருக்கும் ஒரு பெண் தன் தெருவின் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேச ஒலிவாங்கி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பக்கத்திலோ ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சபை. சில தெருக்காரர்கள் மட்டும் கூடும் இடம். ஒருவர் பேச்சை மற்றவர் அறிவார். எந்த வீட்டு வாசலில் தண்ணீர் தேங்குகிறது என்பதைச் சொல்லத் தேவையே இல்லை. தெருத்தெருவாக முன்னுரிமை வகுக்க இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. பெரிய சபையிடம் அதிகாரமும், சிறிய சபையிடம் அதைப் பயன்படுத்த ஏற்ற அமைப்பும் பிரிந்து கிடக்கின்றன.

அடுத்து, தாள்கள். கிராம சபையில் ஒரு வழக்கம் உண்டு: ஊராட்சியின் வரவையும் செலவையும் தலைப்புவாரியாகத் தொகுத்த 'படிவம் 30' கூட்டத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பல ஊர்களில் அதைப் பதாகையாகவே கட்டுகிறார்கள். வீட்டு வரி இவ்வளவு வந்தது, மின்கட்டணத்துக்கு இவ்வளவு போனது, குழாய் பழுதுக்கு இவ்வளவு என்று படித்துவிட்டு ஒருவர் எழுந்து, "போன வருடம் மோட்டார் ரிப்பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த மோட்டார்?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் படிவத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். பகுதி சபைக்கு இதற்கு நிகரான தாள் இல்லை. தாம்பரம் மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை 70 வார்டுகளுக்கும் சேர்த்து எழுதப்படுவது. சாலை, வடிகால், குப்பை, கடன் என்று தலைப்புகளால் ஆனது. அனகாபுத்தூரின் தெருக்களிலிருந்து எவ்வளவு சொத்துவரி வசூலானது, அதில் எவ்வளவு அங்கே திரும்பியது என்பதை அந்த அறிக்கையிலிருந்து சாதாரண மனிதரால் பிரித்தெடுக்க முடியாது.

இணைப்புக்கு முன் நிலைமை வேறு. அனகாபுத்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 48,000 பேருக்கென்று ஒரு நகர்மன்றமும் ஒரு பட்ஜெட்டும் இருந்தன. அப்போதும் மக்கள் நேரடியாக ஒப்புதல் தரும் சபை கிடையாது. ஆனால் ஊர்ப் பணம் ஊர்ப் பெயரில் கணக்கிடப்பட்டது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்த மாநகராட்சியில் அந்தத் தனிக் கணக்கு கரைந்துபோயிற்று. அதற்கு ஈடாக வந்திருக்க வேண்டியது பகுதி சபை. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்துவரி உயர்ந்தது. ஜூனில் விதிகள் வந்தன. நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து அமர்ந்தது அனகாபுத்தூருக்கு அடுத்த பம்மலின் ஆறாவது வார்டில். ஓராண்டுக்கு முன், 2021 அக்டோபர் 2 அன்று, அவர் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியில் கிராம சபையில் அமர்ந்திருந்தார். அரசு இரண்டையும் ஒரே கண்ணோடு பார்க்க விரும்பியதற்கு அது அடையாளம். சட்டம் இன்னும் அப்படிப் பார்க்கவில்லை.

பணத்தின் தன்மையிலும் இப்படி ஒரு குறுக்குவெட்டு இருக்கிறது. மாநகராட்சியிடம் சொத்துவரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம் எனத் தன் விருப்பப்படி செலவிடத்தக்க வருவாய் அதிகம். ஊராட்சிக்கு வந்த 15வது நிதிக்குழு (2021–26) மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்பே கட்டப்பட்டிருந்தது. ஒப்புதல் உரிமையுள்ள சபையின் முன் வைக்கப்படும் தொகையில் கணிசமான பகுதி எங்கே போக வேண்டும் என்று டெல்லியில் முடிவாகியிருக்கிறது. முடிவாகாத பெருந்தொகை புழங்கும் இடத்தில் சபைக்கு ஒப்புதல் உரிமை இல்லை. இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான்.

இனி எதிர்பாராத உறவுக்கு வருவோம். இரண்டு சபைகளிலும் மக்கள் கொண்டுவரும் கவலைகளை எண்ணிப் பார்த்தால், பெரியவை எல்லாம் எந்தச் சபையின் பட்ஜெட்டிலும் இல்லாதவை. பல்லாவரம்–குன்றத்தூர் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அடையாறு நீர்வளத் துறையுடையது. தாழ்வாகத் தொங்கும் கம்பி மின்வாரியத்துடையது. ஊராட்சிச் செயலர் எழுதிக்கொள்வதும் மாநகராட்சி அலுவலர் எழுதிக்கொள்வதும் கடைசியில் ஒரே வகைக் கடிதம்தான்: வேறொரு துறைக்கு ஒரு வேண்டுகோள். அதனால் இரண்டும் மெல்ல மெல்லக் குறைகேட்புக் கூட்டங்களாக மாறுகின்றன. மனு கொடுக்கும் பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியது. "இவ்வளவு பணம் இருக்கிறது, இதில் எதை முதலில் செய்வது?" என்று சேர்ந்து தீர்மானிக்கும் பழக்கம் அதைப்போல ஊறவில்லை.

இன்னொரு உறவு தலைமையில். கிராம சபைக்கு ஊராட்சி மன்றத் தலைவர் தலைமை வகிக்கிறார். பகுதி சபைகளின் பிரதிநிதிகள் சேர்ந்த வார்டு குழுவுக்கு வார்டு உறுப்பினர் தலைவர், அந்தப் பிரதிநிதிகளோ மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், நியமிக்கப்படுகிறவர்கள். பதில் சொல்ல வேண்டியவரே கூட்டத்தையும் நடத்துகிறார். கிராம சபைக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளர் ஒருவர் அனுப்பப்படுகிறார். தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு வெளிக் கண்ணாவது இருக்கிறது. அந்தச் சிறிய ஏற்பாடு பகுதி சபைக்கும் வேண்டும்.

மௌனத்திலும் உறவு உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் வரையும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி வரையும் தேர்தல் நடக்கவில்லை. இரண்டு இடத்திலும் தனி அலுவலர் ஆட்சி. ஆனால் அந்த ஆண்டுகளிலும் கிராம சபைகள் அவ்வப்போது கூடின, அலுவலர் முன்னிலையில் தீர்மானங்கள் எழுதப்பட்டன. அனகாபுத்தூரிலோ மக்கள் கூடுவதற்கென்று எந்தச் சபையும் இருக்கவில்லை.

இரண்டுக்கும் உறுப்பினர் தகுதி வாக்காளர் பட்டியல். 2025 மே மாதம் அனகாபுத்தூரின் ஆற்றோர வீடுகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டபோது, குடும்பங்களுக்குக் கீரப்பாக்கம் முதலிய இடங்களில் மாற்று வீடு தரப்பட்டது. கீரப்பாக்கம் ஊராட்சி. பகுதி சபை உள்ள ஊரிலிருந்து கிராம சபை உள்ள ஊருக்கு அவர்கள் பெயர்க்கப்பட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் மாறும்வரை, குழந்தைகளின் பள்ளியும் பேருந்தும் தெருவிளக்கும் பற்றிக் கேட்க வேண்டிய அந்த முதல் மாதங்களில், சட்டப்படி அவர்கள் புதிய ஊரின் சபைக்கு உரியவர்கள் அல்லர். பழைய சபையின் பகுதியில் அவர்கள் வீடும் இல்லை. வாடகைக்குக் குடியிருப்போருக்கு இது அன்றாட நிலை.

சபைக்கு வெளியே மூன்றாவது வழியும் ஒன்று இரு பக்கமும் இருக்கிறது: நமக்கு நாமே திட்டம். 1990களின் இறுதியில் தொடங்கி, 2021இல் நகர்ப்புறங்களுக்குப் புத்துயிர் பெற்ற திட்டம் இது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் இதனால் பூங்காவும் கேமராவும் பெற்றிருக்கின்றன. கிடைக்கும் மதிப்பு உண்மையானது. எனினும் ஒரு பங்கு போட முடிந்த தெரு, பொதுப்பணத்தில் இரண்டு பங்கைத் தன் பக்கம் அழைத்துக்கொள்கிறது. சபையில் எல்லோருக்கும் ஒரே குரல்; இங்கே கைப்பணத்துக்கேற்ற குரல்.

வெளியே பார்த்தால், இந்த இரண்டு சபைகளின் நல்ல பாதிகளும் ஓரிடத்தில் சேர்ந்த சான்றுகள் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் நகரைப் பகுதிகளாகப் பிரித்து, முதலீட்டுச் செலவின் வரிசையைப் பகுதிக் கூட்டங்களில் தீர்மானிக்கச் செய்தது: அதாவது பகுதி சபையின் அளவும் கிராம சபையின் உரிமையும். கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது திட்ட நிதியில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. நகராட்சிகளுக்கும் வார்டு சபைகள் இருந்தன. புனே மாநகராட்சி 2006 முதல் கூட்டத்தை நம்பாமல் படிவத்தை நம்பியது: குடிமக்கள் தம் தெருவுக்கு வேண்டிய பணியை எழுதித் தரலாம், ஒவ்வொரு வார்டுக்கும் ஓர் உச்சவரம்பு. புனேயில் பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. ஆனால் எழுதித் தந்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கத் தேவை இருக்கவில்லை, ஆகவே அடுத்த தெருவின் தேவை தங்களுடையதைவிட அவசரமானது என்று அறியும் வாய்ப்பும் இருக்கவில்லை. அனகாபுத்தூரின் சபைக்கு அந்தச் சந்திப்பு கையிலிருக்கிறது, ஒதுக்கீடு இல்லை.

முதலில் குறித்துக்கொண்ட நாள்களுக்கு இங்கே வேலை வருகிறது. கிராம சபைக்கு அக்டோபர் 2 முதல் ஜனவரி 26 வரை ஒரு தொடர் இருக்கிறது. அடுத்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அந்த இடைவெளியில் பேசி முடிக்கலாம். பகுதி சபைக்கு டிசம்பர் 10, ஜனவரி 25 என்ற இரண்டு அமர்வுகள், மாநகராட்சி பட்ஜெட் தாக்கலாகும் பருவத்துக்குச் சற்று முன்னால், கிடைத்திருக்கின்றன. முதல் அமர்வில் வார்டுக்கு உத்தேச ஒதுக்கீட்டைச் சொல்லி, இரண்டாவதில் வரிசையைக் கேட்டு எழுதினால் போதும். சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வார்டுவாரிக் கணக்கைச் சபைக்கு வைப்பதாக மாமன்றம் தானே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இதை விரைவாகச் செய்ய ஒரு காரணம் பொழிச்சலூரின் பக்கத்திலிருந்து வருகிறது. புறநகர் ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்கும் பேச்சு தமிழ்நாடெங்கும் தொடர்கிறது. 2025 ஜனவரி 26 அன்று பல ஊராட்சிகளில் இணைப்பை எதிர்த்துக் கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. அத்தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. இணைப்பு நடக்கும் ஊரில் சாலையும் குடிநீர்த் திட்டமும் விரைவாக வரலாம், வரியும் உயரலாம். கூடவே பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் உரிமை, 300 பேர் வரம்பு, படிவம் 30 மூன்றும் ஒரே அரசாணையில் மறைந்துவிடும். இணைப்பு ஆணை எழுதும் அதிகாரிகள் அதில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்க்கலாம்: இணையும் ஊரின் வரவு செலவு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தனிக் கணக்காக எழுதப்பட்டு, அந்த ஊரின் பகுதி சபைகளில் ஒப்புதலுக்கு வைக்கப்படும் என்று. அப்படி ஒரு பத்தி 2021இல் அனகாபுத்தூருக்கு எழுதப்படவில்லை.