டாக்டர் வெஸ்ட்டும் அவர் மகனும்

என் அக்கா பையனுக்கு ஐந்து மாதம் நடந்துகொண்டிருந்தபோது, காலையில் தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் சாய்த்து, இரண்டு கையையும் சட்டென்று விரித்து மடக்குவான். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. சில நொடி இடைவெளி விட்டு விட்டு பத்துப் பதினைந்து தடவை. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விழித்துக்கொண்டு கிடப்பான். பாட்டி "சாமி கும்பிடுறான்டி"ன்னு சொல்லிச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று சொல்லி சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மாமா செல்போனில் எடுத்த வீடியோவை வேறொரு டாக்டரிடம் காட்டினார். அவர் முழுதாகக்கூடப் பார்க்கவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டு "இன்னைக்கே அட்மிட் பண்ணுங்க" என்றார். சீட்டில் எழுதிய பெயர் வெஸ்ட் சிண்ட்ரோம்.

யார் இந்த வெஸ்ட் என்று அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேடினேன். பெரிய ஆராய்ச்சியாளர், மூளை நிபுணர் என்று ஏதாவது வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு அப்பா. காமர்ஸ் படிக்கிறவனுக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று கேட்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் :) மற்றவர்கள் வாருங்கள்.

வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வைத்தியம் பார்த்தவர். அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் இருந்த டாக்டர்கள்போல அறுவை சிகிச்சையும் செய்வார், மருந்தும் கலந்து கொடுப்பார். 1840 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஜேம்ஸ் எட்வின். நல்ல திடகாத்திரமான குழந்தை. நான்கு மாதம் வரை எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தான்.

நான்காவது மாதத்தில் தலை லேசாக முன்னால் ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்து வெஸ்ட் என்ன நினைத்தார் தெரியுமா? குழந்தை ஏதோ விளையாட்டுப் பழக்கம் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று. வைத்தியரே அப்படித்தான் நினைத்தார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

நாளாக நாளாக அந்த ஆட்டம் வலுத்தது. தலை முழங்கால் வரை போய் இடிக்கிற மாதிரி மடங்கும், உடனே நிமிரும், மறுபடி மடங்கும். ஒரு தடவை ஆரம்பித்தால் பத்து, இருபது, அதற்கும் மேல். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வரும். இதையெல்லாம் வெஸ்ட் எண்ணி எழுதி வைத்தார். இன்றைக்கு ஒரு குழந்தை நரம்பியல் டாக்டர் இந்த நோயை மாணவர்களுக்கு விளக்கினால் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். கேமரா கிடையாது, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. கிடையாது. தினமும் அந்தத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அவர் செய்த வைத்தியத்தைப் படிக்க மனசு கஷ்டப்படும். தலையில் அட்டை விட்டு ரத்தம் எடுத்தார். குளிர்ந்த ஒத்தடம் போட்டார். பேதிக்குக் கொடுத்தார். பல் முளைப்பதால் நரம்பு கெடுகிறது என்பது அன்றைய நம்பிக்கை, அதனால் ஈறைக் கீறிவிட்டார். கலோமல் என்ற பாதரச மருந்து, வெந்நீர்க் குளியல், அபின், எல்லாம் நடந்தது. ஒன்றுக்கும் பலன் இல்லை. ஒரு வயதுகூட ஆகாத தன் பிள்ளைக்குத் தன் கையாலேயே செய்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். கொடுமைக்காரர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1840ல் படித்த டாக்டர்கள் எல்லாருடைய பெட்டியிலும் இருந்தது இவைதான். அந்தப் பெட்டியை முழுதாகக் காலி செய்தார்.

உள்ளூரில் முடியாதபோது பெரிய ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது நமக்குத் தெரிந்த கதைதானே. வெஸ்ட் குழந்தையை லண்டனுக்குக் கொண்டுபோனார். பார்த்தது இரண்டு பெரிய டாக்டர்களை. ஒருவர் சர் சார்லஸ் கிளார்க். இன்னொருவர் டாக்டர் லோகாக். இந்த லோகாக் சாதாரண ஆள் இல்லை. 1840 நவம்பரில் விக்டோரியா ராணிக்கு முதல் குழந்தை பிறந்தபோது பிரசவம் பார்த்தவர். இரண்டு பேருக்கும் நோய் அடையாளம் தெரிந்தது. ஆனால் அத்தனை வருட அனுபவத்தில் கிளார்க் பார்த்தது நான்கே குழந்தைகள், லோகாக் பார்த்தது இரண்டே. குனிந்து குனிந்து எழுவதைப் பார்த்து கிளார்க் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: சலாம் வலிப்பு. நம் பக்கத்துச் சலாம்தான், கிழக்கே இருந்து இங்கிலீஷுக்குப் போன சொல். எங்கள் பாட்டி சாமி கும்பிடுகிறான் என்றதற்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை.

லோகாக் பார்த்த இரண்டில் ஒன்று கணவனை இழந்த ஒரு பெண்ணின் குழந்தை. அந்த அம்மா இத்தாலியில் இருக்கும்போது குழந்தைக்கு ஆரம்பித்திருக்கிறது. நேப்பிள்ஸ், ரோம், ஃபிளாரன்ஸ், ஜெனோவா, பாரிஸ் என்று ஒவ்வோர் ஊரிலும் பெரிய டாக்டர்களைத் தேடிக் காட்டினார். அத்தனை பேரில் ஒரே ஒருவருக்குத்தான் இது என்ன என்று புரிந்த மாதிரி இருந்ததாம். ரயில் சரியாக இல்லாத காலத்து ஐரோப்பாவில், தனி மனுஷியாக, கையில் குழந்தையோடு. வெஸ்ட் தன் கடிதத்தில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்தக் கடிதம் இதுதான். லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகைக்கு 1841 ஜனவரியில் எழுதினார், பிப்ரவரியில் அச்சானது. லான்செட் 1823லிருந்து வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கும் வருகிறது. வெஸ்ட் அதில் எதையும் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. இது என் சொந்தக் குழந்தை, இப்படி இருக்கிறது, இதையெல்லாம் செய்து பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை, உங்களில் யாருக்காவது ஏதாவது தெரியுமா, இதுதான் சாரம். குழந்தை சிரிப்பதில்லை, யாரையும் கவனிப்பதில்லை, தலை நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு டாக்டர் தன் தோல்வியை ஊரறிய அச்சில் போடுவது இன்றைக்கே அபூர்வம். 1841ல் கேட்கவே வேண்டாம்.

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா? அவர் உயிரோடு இருந்தவரை இல்லை. வெஸ்ட் 1848ல் இறந்தார். ஜேம்ஸ் எட்வின் பின்னால் ஏர்ல்ஸ்வுட் என்ற இடத்தில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில் வளர்ந்தான். அப்போது அங்கே பொறுப்பில் இருந்தவர் லாங்டன் டவுன். ஆமாம், டவுன் சிண்ட்ரோம் டவுன் அவரேதான். ஜேம்ஸ் 1860ல், 20 வயதில் இறந்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. லண்டனில் பார்த்த அதே லோகாக், 1857ல் ஒரு மருத்துவக் கூட்டத்தில், சில பெண்களுக்கு வரும் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். வலிப்புக்கு உண்மையாகவே வேலை செய்த முதல் மருந்து அது. வெஸ்ட் இறந்து ஒன்பது வருடம் கழித்து. ஆனால் புரோமைடு இருந்திருந்தாலும் ஜேம்ஸுக்கு உதவியிருக்காது. இந்த வலிப்பு மற்ற வலிப்பு மாதிரி இல்லை, சாதாரண வலிப்பு மருந்துகள் பலவற்றுக்கு அடங்காது.

கதை அடுத்து நகர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. முதலில் மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்க வழி வேண்டும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் ஈ.ஈ.ஜி. பதிவை 1929ல் வெளியிட்டார். (அவரும் தன் மகன் தலையில் வைத்துத்தான் பதிவு எடுத்துப் பழகினார். இந்தத் துறையில் அப்பாக்கள் கொஞ்சம் அதிகம்!) 1952ல் அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதி, இந்தக் குழந்தைகளின் ஈ.ஈ.ஜி.யில் ஒழுங்கே இல்லாமல், மலை மலையாக உயர்ந்து கலைந்து கிடக்கும் அலைகளைப் பார்த்து 'ஹிப்ஸாரித்மியா' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ஹிப்ஸோஸ் என்றால் உயரம். 1958ல் பெல்ஜியத்தில் சோரெல் என்பவரும் கூட்டாளியும் 21 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி போட்டதும் வலிப்பும் நின்றது, அலைகளும் ஒழுங்குக்கு வந்தன. வெஸ்ட் கேட்டது 1841, முதல் நல்ல பதில் 1958. 117 வருடம். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில், பிரான்ஸில் மார்செய் நகரத்து டாக்டர்கள் அந்தப் பழைய கடிதத்தை எழுதியவரின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். 1990களில் விகாபாட்ரின் வந்தது. வேலை செய்யும், ஆனால் பார்வையின் ஓரங்களைக் கெடுக்கும் ஆபத்து உண்டு. 2004ல் லான்செட்டிலேயே வந்த பிரிட்டிஷ் ஆய்வில், ஹார்மோன் அல்லது ஸ்டீராய்டு கொடுத்த குழந்தைகளில் 73 சதவீதத்தினருக்கும், விகாபாட்ரின் கொடுத்தவர்களில் 54 சதவீதத்தினருக்கும் இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றிருந்தது.

தூக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெற்றோர் ஏமாறுவது அங்கேதான். 1979ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் கெல்லவே குழுவினர் 24 குழந்தைகளை வீடியோவும் ஈ.ஈ.ஜி.யும் சேர்த்து வைத்துப் பார்த்து, 5,042 துடிப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். இந்தத் துடிப்புகள் ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம் வருவதில்லை. தூக்கம் கலைந்து எழும் அந்தச் சில நிமிடங்களில்தான் கொத்தாக வரும். காலையில், மத்தியானத் தூக்கம் முடிந்து, சாயங்காலம். எழுந்ததும் கை கால் உதறாத குழந்தை எது? சோம்பல் முறிக்கிறான், திடுக்கிட்டு விழிக்கிறான், பசி, வாயு... காரணம் சொல்ல ஆயிரம் இருக்கிறது. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது குழந்தை நன்றாக விழித்துச் சமர்த்தாக இருக்கும். ஈ.ஈ.ஜி.யில் அந்தக் கலைந்த அலைகள் தூக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். அதனால் விழித்திருக்கும்போது மட்டும் அவசரமாக எடுத்தால் தவறிப்போகலாம். தூங்கி எழுவதையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

அதற்காக "ராத்திரி லேட்டா தூங்க வையுங்க, விடியக்காலம் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அழுகிற பிள்ளையைத் தூங்கவிடாமல் ஆட்டோவில் கொண்டுபோனது தனிக்கதை. பஞ்சில் பசை வைத்து ஒயர் ஒட்டுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். எழுந்தான். எழுந்ததும் வந்தது. திரையில் கோடுகள் எகிறியதைப் பார்த்து அக்கா அழவில்லை. "இதான், இதான்" என்று கை காட்டினாள். மூன்று வாரமாக அவள் சொன்னதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம்.

அவனுக்குக் கொடுத்தது ஸ்டீராய்டு, வாய்வழி. முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் கத்துவான், பசி பசி என்று பால் கேட்பான். பிரஷர் பார்க்க வேண்டும், தொற்று வராமல் யாரையும் கிட்டே விடாமல் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலை எழுந்தான், ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. வலிப்பு நின்றதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். மூளையில் என்ன காரணத்தால் வந்தது, எத்தனை சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தது, இரண்டையும் பொறுத்தது என்றார். அந்த மூன்று வாரத்தை எங்கள் வீட்டில் இப்போதும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

இப்போது அவனுக்கு இரண்டரை வயது. லேட்டாகத்தான் நடந்தான், நான்கைந்து சொல் பேசுகிறான், என்னை மாமா என்று கூப்பிடுகிறான். அக்கா இன்னும் அவன் எழுவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறாள். கட்டில் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கங்களில் தேதி, மணி, எத்தனை தடவை என்று வரிசையாக எண்கள். அப்புறம் வெறும் தேதியும் பக்கத்தில் ஒரு பூஜ்யமும். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன், அன்றைக்கும் எழுதியிருந்தாள்.