பக்கிங்ஹாம் கால்வாயும் என் வரைபடமும்

பழவேற்காட்டுக்கு நான் முதலில் போனது டச்சுக் கல்லறைகளைப் பார்க்கத்தான். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. ஆனால் படகுத்துறையில் யாரும் கோட்டையைப் பற்றிப் பேசவில்லை. "தெக்கேருந்து கெட்ட தண்ணி வருது தம்பி, எறா கொறஞ்சு போச்சு" என்றார் ஒரு பெரியவர்.

தெற்கே என்றால் எண்ணூர். அங்கே கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்தத் தண்ணீர் ஏரிக்கு வர வழி இருக்கிறதா? நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து க்யூஜிஐஎஸ்-ஐத் திறந்தேன்.

நிலத்தின் உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ராடார் கொண்டு அளந்தது, இலவசமாகவே கிடைக்கிறது. பூமியை 30 மீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் கொடுத்திருப்பார்கள். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது அதிகச் சரிவோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் அழகான படம் வந்தது. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது, ஆரணி ஆறு பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. நடுவில் ஒரு நீர்ப்பிரிகோடு. அதாவது எண்ணூர் தண்ணீருக்கும் ஏரிக்கும் சம்பந்தமே இல்லை!

அடுத்த முறை போனபோது அதை அச்செடுத்துக் காட்டினேன். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கால்வா எங்க தம்பி?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. பேசில் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். அது பிறகு பழவேற்காட்டையும் தாண்டி ஆந்திரக் கடற்கரை வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். 1878-இல் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. விறகும் உப்பும் படகில் போக வெட்டிய வழி, ஆறுகளுக்கு நடுவே இயற்கை வைத்திருந்த மேட்டைத் திறந்துவிட்டது. அந்த மேட்டைத்தான் என் மென்பொருள் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தது.

கால்வாயின் தடத்தில் உயரத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினேன். இன்னொரு சிக்கல். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வெளியேற்றம்தான். ஆனால் இங்கே கடல் ஏறினால் தண்ணீர் உள்ளே வரும், வற்றினால் திரும்பும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஏரியின் சராசரி ஆழமே சுமார் 1 மீட்டர்தான். என் தரவோ உயரத்தை முழு மீட்டரில் சொல்கிறது, பிழை அதைவிடப் பெரியது. மலைச்சரிவுக்குப் பொருந்தும் கருவியை உப்பங்கழியில் வைத்து அளந்திருக்கிறேன்.

நீரோட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்பது அங்குள்ள மீனவர்களுக்கு வயிற்றுப்பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு அவர்களிடம் உண்டு. ஓட்டம் தெரியாமல் வலை கட்ட முடியாது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், கோடு வெறும் கோடு இல்லை. எண்ணூர் கழிமுகத்தைக் காட்டும் 1996 கடலோர வரைபடத்துக்கு மாறாக, பிந்தைய வரைபடத்தில் கழிமுகமே காணாமல் போனதாக 2017-இல் சூழல் ஆர்வலர்கள் குற்றம்சாட்டினார்கள். படத்தில் நீர்நிலை இல்லையென்றால் அதற்குப் பாதுகாப்பும் இல்லை. நான் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் என் முதல் படம் ஆய்வு எல்லையாகப் போயிருந்தால், ஏரிக்கரைக் கிராமங்கள் அதற்கு வெளியே நின்றிருக்கும்.

திருத்திய படமும் சாம்பல் ஏரிக்கு வந்தது என்று நிரூபிக்காது. அதற்குத் தண்ணீரையும் சேற்றையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். வழி இருக்கிறது, எங்கே சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். இப்போது அதில் கால்வாயை இருபுறமும் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேன். அந்த இடங்களைக் குறித்துக் கொடுத்தவர் அந்தப் பெரியவர்.