வில்லைச் செய்தவர் யார்?



நம் பள்ளிவாசலின் மாலை மதரஸாவில் ஒருநாள் ஹதீஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரே அம்பின் காரணமாக மூவருக்குச் சுவனம் வாய்க்கும் என்ற கருத்துடைய நபிமொழி அன்றைய பாடம். நன்மையை நாடி அந்த அம்பைச் செய்தவர், அதை எய்தவர், எய்பவர் கையில் எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரே அம்மூவர். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது பதிவாகியுள்ளது. பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், எய்தவங்க பேரெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க. செஞ்சவங்க பேரு என்ன?" என்று கேட்டான். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. உஹதுப் போரில் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் குன்றின்மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளிகளைப் பற்றி எத்தனையோ குத்பாக்களில் பேசியிருக்கின்றோம். அந்த ஐம்பது வில்களைச் செதுக்கிய கைகளைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

நூல்களைப் புரட்டியபின் ஒரு பாதி விடை கிடைத்தது. இஸ்லாத்தின் பாதையில் முதல் அம்பை எய்தவர் என்ற பெருமைக்குரிய ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தொழிலால் அம்பு சீவுபவராக இருந்தார்கள் என்று இப்னு குதைபா தம் 'அல் மஆரிஃப்' நூலில் குறிப்பிடுகின்றார். எய்தவரே செய்தவராகவும் இருந்திருக்கின்றார்! மறுநாள் இதைச் சொன்னபோது அம்மாணவன் முகம் மலர்ந்தது. ஆயினும் அவன் கேள்வி நம்மை விட்டபாடில்லை. வில்லைத் தேடிப் புறப்பட்டோம்.

அக்கால அரபியர் பெரும்பாலும் கைக்கொண்டது ஒரே மரத்துண்டில் செதுக்கிய வில். மலைச்சரிவுகளில் வளரும் 'நப்உ', 'ஷவ்ஹத்' ஆகிய மரங்களை அவர்கள் இதற்கெனத் தேர்ந்தனர். உஹதுக் களத்தில் (ஹிஜ்ரி 3, கி.பி. 625) நபிகளார் தம் வில்லால் எய்துகொண்டே இருந்தமையால் அதன் முனை முறிந்தது. அந்த முறிந்த வில்லைக் கதாதா இப்னு நுஃமான் (ரலி) எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள். எய்வதற்கு இனி உதவாத ஒரு மரத்துண்டை அத்தோழர் உயிரெனக் காத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

பின்னர் மரமும் எருமைக் கொம்பும் விலங்கின் நரம்பும் பசையால் இணைத்துச் செய்த கூட்டுவில் முஸ்லிம் அரசுகளில் பரவியது. உதுமானியர் இதில் உச்சத்தைத் தொட்டனர். 1453இல் இஸ்தான்பூலை வென்ற சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ், 'ஒக்மெய்தானி', அதாவது அம்புத்திடல், என்ற நிலத்தை வில்லாளிகளுக்கென ஒதுக்கினார். அங்கே பயில்பவர் 900 கெஸ், ஏறத்தாழ 600 மீட்டர், தொலைவுக்கு அம்பெய்து காட்டிய பின்னரே ஆசான் அவர் கையில் வில்லின் பிடியை முறைப்படி ஒப்படைப்பார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு வில் செல்வதுதான் அங்கே பட்டமளிப்பு.

துப்பாக்கி வந்தபின் அக்கலையும் தேய்ந்தது. அது முற்றிலும் அறுந்துபோகாமல் காத்த சிலருள் ஒருவர், உஸ்குதாரிலுள்ள யெனி வாலிதெ பள்ளிவாசலின் இமாமாகப் பல்லாண்டுகள் பணியாற்றிய நெஜ்மத்தீன் அவர்கள் (1883–1976). அரபு எழுத்தணிக்கலை, வண்ணத்தாள் செய்தல், நூல் கட்டுதல், ரோஜா வளர்ப்பு, வில்வித்தை என அவர் கற்காத கலையில்லை. 1934இல் துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது அவர் சூடிய பெயர் 'ஒக்யாய்'. அம்பும் வில்லும் என்று பொருள். ஓர் இமாம் தொழுகை நடத்தியது போக மீதி நேரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல விடை நமக்குத் தெரியவில்லை. துருக்கியரின் மரபு வில்வித்தையை யுனெஸ்கோ 2019இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டு வரலாறோ வேறு விதமாகச் சென்றது. பாரசீகத்தில் 'கமான்' என்றால் வில். 'கமான்கர்' என்றால் வில் செய்பவர். முகலாயர் காலத்தில் இப்பெயரில் கைவினைஞர் குலங்களே இருந்தன. இந்திய மழைக்காலத்தின் ஈரம் கூட்டுவில்லின் பசையைத் தளர்த்திவிடும் என்பதால், முழுவதும் எஃகாலான வில்களும் இங்கே செய்யப்பட்டன. பிறகு வில்லுக்கே வேலையில்லாமல் போயிற்று. கட்ச் பகுதியின் கமான்கர்களான முஸ்லிம்கள் வில்லுக்கு வண்ணம் தீட்டிய அதே தூரிகையால் சுவர்களில் ஓவியம் தீட்டத் தொடங்கினர். அஞ்சார் நகரில் ஆங்கில அதிகாரி மக்மர்டோ வாழ்ந்த மாளிகையில் அவ்வோவியங்களை இன்றும் காணலாம். பஞ்சாபில் கமான்கர் என்ற சொல் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரைக் குறிப்பதாயிற்று. பெயரில் மட்டும் வில் எஞ்சியது. வில்லைச் செய்யும் கை வேறு தொழிலுக்குப் போய்விட்டது. வில்வித்தையைக் கற்றபின் கைவிடுவதைக் கண்டிக்கும் நபிமொழியை ஓதும்போதெல்லாம் இக்குலத்தார் நினைவு நமக்கு வருகின்றது. அவர்களாகக் கைவிடவில்லை, கேட்டு வாங்குவோர்தாம் அவர்களைக் கைவிட்டனர்.

தமிழகத்திற்கு வருவோம். கடையெழு வள்ளல்களுள் பேகன் நம் பழனி மலைக்குரியவன்; ஓரி கொல்லிமலைக்குரியவன். ஓரியின் ஒரே அம்பு யானை முதல் உடும்பு வரை ஐந்து விலங்குகளைத் துளைத்த செய்தி புறநானூற்றில் உள்ளது. புலவர் அங்கே எய்தவனைப் பாடினார். வில் செய்த தச்சனைப் பாடவில்லை. கொல்லிமலையில் ஆடி மாதத்தில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டிகள் இடம்பெறுகின்றன. தேசிய அளவிலும் மரம், மூங்கில் வில்களால் 30 மீட்டர், 50 மீட்டர் தொலைவுகளில் எய்யும் 'இந்தியன் ரவுண்ட்' என்ற தனிப் பிரிவு உண்டு. ஷில்லாங் நகரில் அம்பெய்தலை வைத்து நடக்கும் 'தீர்' என்ற பந்தயச் சூதாட்டத்தை யாரும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி நாம் சொல்ல வந்த முக்கியச் செய்தி. வில் செய்யும் அறிவு இன்று உலகில் எப்படிப் பிழைத்திருக்கின்றது? அதற்கு ஒரு செவ்விந்தியரின் கதையை அறிய வேண்டும். கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் 1911இல் காட்டைவிட்டு வெளியே வந்தார். அவரை 'இஷி' என்று அழைத்தனர். அவர் மொழியில் மனிதன் என்று பொருள். தம் அறிவை ஒப்படைக்க அவருக்கென்று ஒரு மகனோ உறவினரோ இல்லை. தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கே வில் செதுக்கவும் அம்பு கட்டவும் கற்றுக்கொடுத்தார். 1916இல் காசநோயால் இஷி மறைந்தார். போப் 1923இல் வெளியிட்ட நூலைப் படித்து அமெரிக்காவில் பலர் சொந்தக் கையால் வில் செய்யப் புறப்பட்டனர்.

அவ்வழியில் வந்த ஆர்வலரிடையே இன்று அழகியதொரு வழக்கம் நிலவுகின்றது. ஒரு குழுவாகப் பெயர் கொடுக்கின்றனர். யார் யாருக்குச் செய்வது என்பது முடிவாகின்றது. ஒவ்வொருவரும் மற்றவருக்கென ஒரு மரவில்லைச் செதுக்கி அனுப்பி, தமக்கென வேறொருவர் செதுக்கியதைப் பெறுகின்றனர். இதில் விலை பேசுவதில்லை. பெரும்பாலோர் தச்சரும் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் மரம் சீவுபவர்கள்.

பிறருக்கு வில் செய்வது எளிதன்று. அவருடைய கையின் நீளம் தெரிய வேண்டும். எவ்வளவு விசையை இழுப்பார், இடக்கையரா வலக்கையரா என்று கேட்க வேண்டும். மரத்தை நிழலில் உலர்த்திப் பிளந்து, எய்பவருக்கு எதிர்ப்புறமாக அமையும் முதுகுப் பகுதியில் ஒரே ஆண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் ஓடுமாறு செதுக்குவர். முதுகு இழுபடும், எய்பவரை நோக்கிய வயிறு நசுங்கும். முதுகின் நாரில் ஒரு கீறல் விழுந்தாலும் வில் அங்கேதான் முறியும். ஆகவே சீவுவதெல்லாம் வயிற்றுப்புறத்திலேயே. நாணேற்றிச் சிறிது இழுப்பர், பார்ப்பர், வளையாத இடத்தில் சிறிது சுரண்டுவர், மீண்டும் இழுப்பர். இரு பக்கமும் ஒத்து வளையும் வரை இது நாள் கணக்கில் நீளும். கூடுதலாகச் சீவிய மரம் திரும்ப ஒட்டாது. முகமறியாத ஒருவரின் தோளுக்காக இத்தனை பொறுமை! அன்பளிப்புப் பரிமாறி அன்பை வளர்த்துக்கொள்ள நமக்கு இடப்பட்ட கட்டளையின் பொருள் இதில் நன்றாக விளங்கியது.

இவற்றையெல்லாம் கேட்ட மதரஸா மாணவர்கள் மறுநாளே அரிவாளுடன் சோலைக்குள் புறப்பட ஆயத்தமாயினர். தடுத்து நிறுத்தினோம். பெற்றோரும் இதை அறிந்துகொள்வது நலம். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மரங்கள் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கின்றது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வில்லும் அம்பும் ஆயுதம் என்றே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் அனுமதியின்றி வில்லோடு நுழைவது குற்றமாகும். விளையாட்டு என்று சொல்லித் தப்ப இயலாது.

ஆதலின் வத்தலக்குண்டுக் கடையிலிருந்து முற்றிய மூங்கில் இரண்டு வாங்கி வரச் செய்தோம். மூங்கிலில் ஆண்டு வளையம் தேடும் வேலையில்லை. அதன் பசுந்தோலே வில்லின் முதுகு. அவரவர்க்கு அல்லாமல் அடுத்தவருக்கே செய்ய வேண்டும் என்பது நாம் இட்ட ஒரே நிபந்தனை. அளவெடுக்கும்போதுதான் பலர் தம் நண்பனின் கை எவ்வளவு நீளம் என்று முதன்முதலாகப் பார்த்தனர். எட்டு வில்களில் மூன்று நாணேற்றும்போதே முறிந்தன. அவற்றுள் ஒன்று அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனுக்காகச் செய்யப்பட்டது. எஞ்சிய மூங்கிலில் வேறொன்று செய்து தருகின்றோம் என்றோம். சரியென்றான், முறிந்ததையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான்.