மின்கட்டணமும் வருமானச் சான்றும்

மின்வாரியத்தின் குறுஞ்செய்தி வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் கட்டணத்தைக் கட்டிவிடுகிறவர், பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டுமென்றால் இ-சேவை மையத்துக்குப் புறப்படுகிறார். இரண்டையுமே வீட்டிலிருந்து இணையத்தில் முடிக்கலாம். ஆளும் ஒருவர்தான், கைப்பேசியும் ஒன்றுதான். எனவே வயதையோ படிப்பையோ இங்கே காரணம் காட்ட இயலாது. சேவைகளின் இயல்பையே எடைபோட வேண்டும்.

1989இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, பயனுள்ளது என்ற எண்ணமும் எளிது என்ற எண்ணமுமே ஒரு கருவியை ஏற்கச் செய்கின்றன என்றது. பயனில் இந்த இரு சேவைகளும் சமம். எளிமையில்தான் பிரிகின்றன. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கை பழகிவிடுகிறது. சான்று ஆண்டுக்கு ஒருமுறையே தேவைப்படுவதால் சென்ற முறை கற்றது மறந்துபோகிறது. முன்னதற்கு இணைப்பு எண் போதும். பின்னதற்குக் கேன் எனப்படும் குடிமக்கள் அணுகல் எண், ஓடிபி, அளவு பார்த்துப் பதிவேற்ற வேண்டிய ஆவணங்கள் எல்லாம் வேண்டும்.

இதைவிட ஆழமான வேறுபாடு முடிவில் இருக்கிறது. கட்டணம் செலுத்திய நொடியில் ரசீது வந்துவிடுகிறது. சான்றுக்கான விண்ணப்பமோ கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனப் படியேறி வட்டாட்சியர் அலுவலகத்தை அடைய வேண்டும். முன்னதில் இயந்திரத்தை நம்பினால் போதும். பின்னதில் முகம் தெரியாத அதிகாரியின் தீர்மானத்தையும் நம்ப வேண்டும்.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் எதிர்பாராத ஓரிடத்தில் உறவாகின்றன. மின்கட்டணம் கட்டுகிறவர்களில் பலர் மின்வாரியத்தின் தளத்தைத் திறப்பதே இல்லை. ஜிபே, போன்பே போன்ற செயலிகளில் முடித்துக்கொள்கிறார்கள். சான்று கேட்பவரும் அரசின் தளத்தைத் தொடுவதில்லை. மையத்தில் இருப்பவர் அவருக்காகத் தொடுகிறார். ஆக, இருவருமே இடையில் ஒரு துணையை வைத்துக்கொண்டுதான் அரசை அணுகுகிறார்கள். செயலி இணைப்பு எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. மையத்துக்காரர் எந்தப் படிவத்துக்கு எந்த ஆவணம் என்பதை நினைவில் வைத்திருக்கிறார்.

ஆனால் சிக்கல் வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. வங்கியில் பணம் பிடித்தும் கட்டணம் வரவாகாவிட்டால், செயலியில் முறையிட ஒரு முகம் இல்லை. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால், மையத்துக்காரரிடம் நேரில் போய் "என்னாச்சுண்ணே?" என்று கேட்கலாம். எளியதாகத் தோன்றிய சேவையில் குடிமகன் தனித்துவிடப்படுகிறார். கடினமானதில் அவருக்கு ஓர் ஆள் கிடைக்கிறார்.

ஆகவே, இணையவழி விண்ணப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மக்கள் இணையச் சேவைக்குப் பழகிவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது பிழை. அவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பது தளத்தையன்று, தளத்தின் குறையை ஈடுசெய்யும் துணையை. செயலியின் வேகமும் மையத்துக்காரரின் பொறுப்பேற்பும் அரசின் தளத்திலேயே கிடைத்தால்தான் அந்தத் துணையின் தேவை குறையும்.