முடிவு தெரிந்த காதற்கதை

பண்டிகை நாள்களில் தொலைக்காட்சியில் காட்டப்பெறும் காதற்படங்களுக்குப் பொதுவானதோர் இலக்கணம் உண்டு. நகரத்தில் வாழும் ஒருவர் விடுமுறையைக் கழிக்க மலையூருக்கோ சிற்றூருக்கோ வருவார். அங்கே ஒருவரைக் காண்பார். முதலில் சச்சரவு, பின்னர் நட்பு, மறைத்து வைத்த உண்மை வெளிப்பட்டதும் பிரிவு, பண்டிகை முடிவதற்குள் கூடல். கால்மணி நேரம் பார்த்தவர் முடிவைச் சொல்லிவிடுவார். ஆயினும் அவர் இறுதிவரை எழுந்திருப்பதில்லை. தெரிந்த முடிவை மக்கள் ஏன் விரும்பிக் காத்திருக்கின்றனர்? இவ்வழக்கத்தின் வரலாற்றில் இதற்கு விடை கிடைக்கும்.

அமெரிக்காவில் வாழ்த்து அட்டை விற்கும் ஹால்மார்க் நிறுவனத்தின் ஆதரவில், 1951 டிசம்பர் 24 அன்று மெனோட்டி என்பவரின் இசைநாடகம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. தொலைக்காட்சிக்கென்றே இயற்றுவிக்கப்பட்ட முதல் இசைநாடகம் அது. இடைச் சிறுவன் ஒருவனின் குடிலுக்கு மூன்று அரசர்கள் விருந்தினராக வரும் கதை; காதற்கதை அன்று. ஆனால் பண்டிகை இரவில் குடும்பம் ஒன்றாக அமர்ந்து காண்பதற்கென ஒரு கதை என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது. 2001இல் அந்நிறுவனத்தின் பெயரால் ஓர் அலைவரிசை தோன்றியது. 2009 முதல் அது கிறிஸ்துமஸ் பருவம் முழுவதையும் இத்தகைய படங்களுக்கென ஒதுக்கலாயிற்று. அவற்றுட் பல கனடாவில், கோடைக்காலத்தில், செயற்கைப் பனியைத் தூவி எடுக்கப்பட்டவை. பனி பொய் என்பதும் முடிவு இன்னது என்பதும் காண்போருக்குத் தெரியும். அதனால் அவர்கள் மகிழ்ச்சி குறைவதில்லை.

இது நமக்குப் புதுமையன்று. தினைப்புனம் காக்கும் வள்ளியை நாடி முருகன் வேடனாகவும் முதியவனாகவும் மாறுவேடத்தில் மலைக்கு வருகிறான். சொற்போர் நடக்கிறது, யானை வருகிறது, உண்மை வெளிப்படுகிறது, திருமணம் நிகழ்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இக்கதையை ‘வள்ளி திருமணம்’ என்னும் நாடகமாக ஆக்கினார். கோயில் திருவிழாக்களில் இன்றும் இது விடிய விடிய நடக்கிறது. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இவ்வகையில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகையின்றி மேடையில் சந்திப்பவர்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பதனாலேயே இது இயலுகின்றது. என்ன நடக்கும் என்பதைக் காண யாரும் வருவதில்லை. இன்று எவ்வாறு நடக்கும் என்பதைக் காணவே வருகின்றனர்.

1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த இன்றைய குமரி மாவட்டத்தில், வேளிமலைக் குமாரகோயிலில் ஆண்டுதோறும் பங்குனியில் வள்ளி திருக்கல்யாணம் நிகழ்கிறது. அம்முருகனே நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் வரை எழுந்தருள்கிறான். ஆகவே, மலையில் நிகழும் காதலும் மாறுவேடமும் மணமும் அந்நாட்டார்க்கு ஆண்டுதோறும் திரும்பிவரும் கதையாகும்.

திரைப்படம் வந்தபோது பண்டிகைக் கதை கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. விடுமுறைக் காதலுக்கு நிகரற்ற சான்று, 1966 பொங்கலுக்கு ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அன்பே வா’. ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய படம் இது. செல்வர் ஒருவர் ஓய்வு நாடிச் சிம்லாவிலுள்ள தம் மாளிகைக்கு வருகிறார். காவற்பணியாளோ அதனை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். செல்வர் தாம் இன்னார் என்பதை மறைத்து, சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியேறுகிறார். எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் சண்டையிடத் தொடங்கும்போதே முடிவு அரங்கினருக்குத் தெரிந்துவிடுகிறது. 1961இல் வெளிவந்த ‘கம் செப்டம்பர்’ என்னும் அமெரிக்கப் படத்தைத் தழுவிய கதை இது. இத்தாலிய மாளிகை இமயமலைச் சாரலுக்கு வந்தும் கதை அந்நியமாகத் தோன்றவில்லை. வேடம் பூண்டு மலைக்கு வரும் தலைவனைத் தமிழர் முன்பே அறிவர் அன்றோ? மறு ஆண்டுத் தீபாவளிக்கு ஸ்ரீதரின் ‘ஊட்டி வரை உறவு’ வந்தது. பண்டிகைக்கும் மலைக்கும் காதலுக்கும் ஏற்பட்ட தொடர்பு அதனால் மேலும் உறுதிப்பட்டது.

பிற மாநிலங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இப்படங்கள் அரிதாகவே கிட்டின. பெருநகரக் கொட்டகை ஒன்றில் ஞாயிறு காலைக் காட்சி, அல்லது தமிழ்ச்சங்கம் ஏற்பாடு செய்யும் காட்சி, அவ்வளவே. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. ஆனால் அதன் எல்லை குறுகியது. 1993இல் சன் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே வந்தபின்னரே இந்நிலை மாறியது. பொங்கலன்று சென்னையில் தொடங்கும் படம் அதே நொடியில் தில்லியிலும் மும்பையிலும் தொடங்கலாயிற்று. ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ என்னும் அறிவிப்பும் பண்டிகைச் சடங்குகளுள் ஒன்றாகிவிட்டது.

இனி, திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவை நோக்குவோம். பொன்முடி மலையின் அடிவாரத்துச் சிற்றூர் அது. இத்தகைய ஊரில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு ஓணத்தன்று மலையாளப் படம், பொங்கலன்று தமிழ்ப் படம் என இரு பண்டிகைக் கதைகள் உண்டு. மலையாளப் பள்ளியில் பயிலும் குழந்தைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பாட்டியின் தமிழிலோ பாதிச் சொற்கள் விளங்கா. புதிர் நிறைந்த கதையாயின் அக்குழந்தை பாதியிலேயே எழுந்து சென்றுவிடும். அடுத்து நிகழ்வது இன்னதென்று தெரிந்திருப்பதனாலேயே, தெரியாத சொல்லின் பொருளைக் கதையிலிருந்து அது ஊகித்துக்கொள்கிறது. ‘கோபம்’ அறிந்த குழந்தை ‘ஊடல்’ என்னும் சொல்லைக் கற்கிறது. அடுப்படிக்கு எழுந்து சென்ற தாய் திரும்பி வந்து எதையும் இழக்காமல் தொடர்கிறாள். மூன்று தலைமுறையினர் ஒரே இடத்தில் ஒன்றாகச் சிரிக்கின்றனர். தெரிந்த முடிவு இங்கே ஒரு குறையன்று. மொழியைக் கைவிடாமல் பற்றிக்கொள்ள உதவும் கைப்பிடி.

எனினும், இக்கதை ஒன்றை மறைக்கவும் செய்கிறது. வித்துராவிலிருந்து ஒரு சாலை கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறி, பொன்முடிக்குச் செல்கிறது. விடுமுறைக் கூட்டம் செல்லும் வழி அது. மற்றொரு சாலை போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கிறது. வெள்ளையர் காலத்தில் அங்கு கொண்டுவரப்பட்ட தொழிலாளருள் தமிழர் பலர். இன்று ஆலை ஓய்ந்து பாழடைந்து நிற்கிறது, லயங்கள் சிதைந்துள்ளன. விடுமுறைப் படத்தின் மலையில் பனியும் பாட்டும் உண்டு. கொழுந்து பறிப்பவர் பாட்டின் பின்னணியிலன்றித் தோன்றுவது அரிது. பழைய வள்ளியோ, காதலன் வருவதற்கு முன்பே பரண்மீது நின்று தினைப்புனம் காத்தவள். அவளுக்கு மலை, வேலை செய்யும் இடம். மரபிலிருந்து மாறுவேடத்தையும் மணத்தையும் கொண்ட நம் படங்கள் அந்தப் புனத்தை விட்டுவிட்டன.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருடைய முன்னோர் மலைகளுக்கு விடுமுறையில் சென்றவர் அல்லர், பிழைப்புக்காக ஏறியவர்கள். ஆதலின் பண்டிகைப் படத்தைக் குழந்தைகளோடு மனமுவந்து காண்போம். அதன் எளிமையை நகையாட வேண்டுவதில்லை. அவ்வேளையில், அந்த மலையில் யார் உழைத்தார்கள், நம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து எதற்காக அங்கே போனார் என்பதையும் அவர்களுக்குச் சொல்வோம். படத்தின் முடிவு அவர்களுக்கு முன்பே தெரியும். இந்தக் கதையோ நாம் சொன்னாலன்றித் தெரியாது.